பொற்செவிச் சான்றிதழ்

அமைதியில் இரண்டு ரகம் உண்டு. சும்மா கிடைப்பது ஒன்று, அது மட்டம். ஐந்நூற்று நாற்பத்தொன்பது டாலருக்குக் கிடைப்பது இன்னொன்று, அதுதான் நாகரிகம். மனிதன் மரத்திலிருந்து இறங்கி, இரண்டு காலில் நின்று, தலையை நிமிர்த்தியதே அந்தத் தலையில் ஒரு உச்ச ரக ஹெட்போனை மாட்டிக்கொள்ளத்தான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். இந்த உண்மையை ஆய்வு செய்து நிலைநாட்டிய இடம், டொலீடோவில் எங்கள் கம்பெனியின் மாடி. ஆய்வுக்குத் தன் காதைத் தந்து உதவியவன் நான். பெயர் ஜீன் கூபியாக்.

எங்கள் கம்பெனி வாஷிங் மெஷினுக்கு மூடி அடிக்கிறது. கீழே பதினோரு பிரஸ். நாலாம் நம்பர் என்னுடையது; அறுநூறு டன். நிமிஷத்துக்குப் பதினெட்டு தடவை தகட்டை அடிக்கும். நான் பக்கத்தில் நிற்பேன். இருபத்தாறு வருஷமாக எங்கள் இருவருக்கும் இதுதான் ஏற்பாடு.

மேலே ஆபீஸ், பன்னிரண்டு பேர். பிரஸ்களைப் பார்த்த பக்கம் முன்பு ஒரு சுவர் இருந்தது. "ஒளிவுமறைவற்ற பண்பாடு" வேண்டும் என்று போன வருஷம் சுவரை இடித்து, கண்ணாடித் தடுப்பு இடுப்பளவுக்கு வைத்தார்கள். பண்பாடு மேலிருந்து கீழே வருவதற்குள், நாலாம் நம்பரின் சத்தம் கீழிருந்து மேலே போய்விட்டது.

அதற்கு முன் எங்களுக்குச் சத்தப் பிரச்சினை எதுவும் இருந்ததில்லை. கம்பெனிக் காகிதங்களில் அப்படித்தான் இருக்கிறது. டார்லீன் ப்ரூயிட் மட்டும், நாலாம் நம்பரைச் சுற்றி சத்தத்தை விழுங்குகிற மாதிரி ஒரு கூண்டு போடுங்கள் என்று ஆறு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். டார்லீன் ஆறாம் நம்பரில் நிற்பவள். எங்கள் யூனியன் பிரதிநிதி. மனு "பரிசீலனையில்" இருந்தது. பரிசீலனை முடியும்வரை காதில் திணித்துக்கொள்ள மஞ்சள் நுரைப்பஞ்சு கொடுத்தார்கள். ஜோடி பதினெட்டு செண்ட். மனிதக் காதுக்குக் கம்பெனி வைத்திருந்த மரியாதை அது. குறை சொல்ல மாட்டேன், நிறம் நன்றாகத்தான் இருந்தது.

மாடிக்குச் சத்தம் போன மூன்றாம் நாள் "ஒலிநல உயர்மட்டக் குழு" பிறந்தது. தலைவர், ஊழியர் நலத்துறை இயக்குநர் ப்ரென்ட் ஆஸ்டர்ஹவுஸ். துணைக்குக் கொள்முதல் பிரிவின் செலஸ்ட் வாண்டர்மோலன். பன்னிரண்டு பேருக்கும் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்குவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. பாக்கி ஒன்பது கூட்டமும் ஒரே கேள்விக்காக: நூறு டாலர் ரகம் போதுமா, ஐந்நூற்று நாற்பத்தொன்பது டாலர் உச்ச ரகம் அந்த விலைக்குத் தகுமா?

லேசான கேள்வி இல்லை. அதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. புது ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கேட்கக் கூடாதாம். இருநூறு மணி நேரம் ஆளில்லாமல் பாட்டை ஓடவிட்டுப் பழுக்கவைக்க வேண்டுமாம். ஓடவிட்டார்கள். ஒன்பது நாள் ஓர் அலமாரி தனியாக உட்கார்ந்து வயலின் கேட்டது. எனக்கு அப்போதுதான் புரிந்தது, கம்பெனி என் காதையும் இருபத்தாறு வருஷமாகப் பழுக்கவைத்துக்கொண்டிருக்கிறது என்று.

பழுத்த காதின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிங்கில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். காது டெஸ்ட். உள்ளே அலமாரி அளவில் ஓர் அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பித்தான். கீச்சென்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கேட்காவிட்டாலும் அமுக்க வேண்டும். முதலாவது வேனின் விதி, இரண்டாவது எங்கள் விதி. தேறாதவனைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றுவார்கள், மணிக்கு நாலு டாலர் குறையும் என்று கீழே ஒரு பேச்சு. அதனால் அந்த அறையின் ஜன்னல் வழியே டெஸ்ட் எடுக்கும் அம்மாவின் முழங்கையைப் பார்ப்போம். அவர் சத்தத்தைப் போட முழங்கை அசைந்தால் அமுக்குவோம். நான் பதினெட்டு வருஷம் முழங்கையில் பாஸ் செய்தவன். போன வருஷம் புது வேன் வந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள். மொத்தமாக பெயில்.

டாக்டரிடம் போனேன். மேல் சுருதி எல்லாம் போய்விட்டது, இரண்டு காதுக்கும் மெஷின் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்து என் மனைவி பெர்னிஸ் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்போது வருஷம்யா! நான் சொல்றத மதிக்கலன்னு நெனச்சு ஒம்போது வருஷமா உன்னத் திட்டிட்டு இருக்கேன்!"

"என்ன திட்டுன?"

"அதக்கூடவா கேக்கல?" என்று அழ ஆரம்பித்தவள், பாதியில் சிரித்துவிட்டாள். "மெஷின் வரட்டும். முதல்லேர்ந்து திட்டுறேன்."

எனக்கும் அதைக் கேட்க ஆசைதான். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கண்ணாடி ஆலையில் வேலை. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கத்துவோம். கத்தினால்தான் பேச்சு என்று வளர்ந்தவன். பெர்னிஸ் மெல்லப் பேசுகிறவள். அவளைக் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மெஷின் செலவைக் கம்பெனி தர வேண்டும் என்று விண்ணப்பம் போட்டேன். அது ஆஸ்டர்ஹவுஸ் மேஜைக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து அவரே கீழே இறங்கி வந்தார். கையில் டோனட் பெட்டி.

"ஜீன், சத்தத்தோடயே வாழ்ந்த மனுஷன் நீங்க. எங்களுக்கு உங்க காது வேணும்!"

"என்ன வேணும்?"

"காது! உங்க காது!"

"அதையேதான் சார் நானும் கேட்டிருக்கேன். உங்க மேஜையில இருக்கு."

"அதையும் பாத்துடலாம். ஹெட்போன் ஆய்வுக்கு நடுநிலையான ஒரு ஆள் வேணும். வியாழக்கிழமை மேல வாங்க."

அவர் போனதும் டார்லீன் என் காதருகில் வந்து கத்தினாள். "யோவ், போகாத! அவங்க டோனட் எடுத்துட்டு கீழ வந்தா, நம்மகிட்டேர்ந்து எதையோ எடுத்துட்டு மேல போவாங்க!"

"போனாத்தானே விண்ணப்பத்த ஞாபகப்படுத்தலாம்?"

"போ. ஆனா எதுலயும் கையெழுத்துப் போட்டுடாத."

கையெழுத்து எதுவும் போடவில்லை. அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன்.

வியாழக்கிழமை மாடியில் நடந்தது விஞ்ஞானம். மூன்று ஹெட்போன்: நாற்பது டாலர், நூறு டாலர், உச்ச ரகம். எதுவென்று தெரியாதபடி மூன்றுக்கும் கறுப்புத் துணி உறை. ஆஸ்டர்ஹவுஸ் என் எதிரே நின்று ஒவ்வொன்றாக மாட்டுவார். வயலின் ஓடும். உச்ச ரகமா, இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு சுற்று.

முதல் ஹெட்போனில் எனக்குக் கேட்டது எங்கோ ஒரு குளிர்சாதனப் பெட்டியின் உறுமல். இரண்டாவதிலும் அதே பெட்டி. வயலின் என்பது மேல் சுருதி சமாசாரம். அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. "ஒண்ணும் கேக்கல" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தலையில் ஹெட்போன், எதிரில் ஆபீசர், கையில் பித்தான் இல்லாததுதான் குறை. பதினெட்டு வருஷப் பழக்கம் தானாக வேலை செய்தது. முழங்கையைத் தேடினேன்.

ஆஸ்டர்ஹவுஸுக்கு அற்புதமான முழங்கைகள். நாற்பது டாலரை ஒற்றைக் கையால் தொப்பி மாதிரி போட்டார். நூறு டாலரையும் அப்படியே. உச்ச ரகம் வந்தபோது மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்தி, முழங்கை இரண்டும் விரிய, ராஜாவுக்குக் கிரீடம் வைப்பதுபோல வைத்தார்.

"இதுதான்" என்றேன்.

செலஸ்ட் பேனாவை எடுத்தாள். "எப்படித் தெரியுது? பாட்டோட மேடை அகலமா இருக்கா?"

அவள் கையாலும் விரித்துக் காட்டியதால் கேள்வி புரிந்தது. "நல்ல அகலம்மா."

"எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

"பதினெட்டு சக்கர லாரி ஒண்ணு முன்னும் பின்னும் போகாம திரும்பும்."

எழுதிக்கொண்டாள். "அடித்தொனி?"

"தரையில கால் வெச்சிருக்கு."

"அடேங்கப்பா!" என்றார் ஆஸ்டர்ஹவுஸ். கண் கலங்கியிருந்தது.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கைதட்டினார்கள், கைகள் அசைந்ததைப் பார்த்தேன். உச்ச ரகம் விலைக்குத் தகும் என்று விஞ்ஞானப்பூர்வமாக நிலைநாட்டப்பட்டது. அடுத்த வாரம் எனக்கு ஒரு சான்றிதழ், சட்டம் போட்டு. "மேற்படி திரு. கூபியாக் அவர்கள், ஒலியின் மிக நுண்ணிய வேறுபாடுகளையும் பிழையின்றிப் பகுத்தறியும் பொற்செவி உடையவர் என இதனால் சான்றளிக்கப்படுகிறது." கீழே ஆஸ்டர்ஹவுஸ் கையெழுத்து. பெர்னிஸ் அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தாள். வயலினுக்கு மேலே என்று நான் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

மாடியில் பன்னிரண்டு தலையிலும் பன்னிரண்டு கிரீடம் ஏறியது. அந்த மாதமே கம்பெனியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. ஒன்று டார்லீனுக்கு: "இரைச்சல் பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டதால் நாலாம் நம்பர் கூண்டு மனு முடித்துவைக்கப்படுகிறது." இன்னொன்று எனக்கு: "தங்கள் செவித்திறன் அசாதாரணமானது என்பதற்கு ஆவணச் சான்று இருப்பதால், காதுமெஷின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இணைப்பு: சான்றிதழ் நகல்."

மாடி ஏறினேன். ஆஸ்டர்ஹவுஸ் முதுகுக்குப் பின்னால் நின்று "சார்!" என்றேன். திரும்பவில்லை. கத்தினேன். என் கத்தல் சாதாரணக் கத்தல் இல்லை. அறுநூறு டன்னுக்கு மேலே கேட்கிற கத்தல். பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட நிமிரவில்லை. பொருள் உண்மையிலேயே முதல் தரம்.

கீழே வந்து டார்லீனிடம் முழங்கைக் கதையைச் சொன்னேன். அவள் என் காதருகில் வந்தாள்.

"பித்தான் இல்லாத எடத்துல கூட பித்தான அமுக்கிட்டு வந்திருக்க."

"ஆமா."

"மாநில விசாரணைக்குப் போறோம். அந்த மூணு ஹெட்போனையும் எடுத்துட்டு வரச் சொல்லி எழுதுறேன். பழைய டெஸ்ட்டும் சேந்து வெளிய வரும், பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். உள்ளுக்குள் கூட்டிப் பெருக்கும் துடைப்பம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பெர்னிஸும் தெரிந்தாள், முதலிலிருந்து திட்டக் காத்துக்கொண்டு.

விசாரணை அதிகாரி ஹாலரன் அம்மா. குட்டையான, அவசரப்படாத பெண். சான்றிதழைப் படித்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். டார்லீன் என் காதில் எடுத்துச் சொன்னாள்: "பன்னெண்டுக்குப் பன்னெண்டு எப்படி வாங்கினேன்னு கேக்குறாங்க."

"முழங்கையில வாங்கினேம்மா" என்றேன்.

விளக்கினேன். ஆஸ்டர்ஹவுஸ் எழுந்தார். "அபத்தம்! நான் மூணையும் ஒரே மாதிரிதான் மாட்டினேன்."

"அப்ப இங்கயும் மாட்டுங்க" என்றார் அதிகாரி. "பாட்டு வேணாம். ஒயரக் கழட்டிடுங்க."

ஒயரைக் கழற்றினார்கள், கறுப்பு உறை அப்படியே இருந்தது. ஆஸ்டர்ஹவுஸ் இந்த முறை ஜாக்கிரதையாக இருந்தார். நாற்பது டாலருக்கு ஒற்றைக் கை. நூறு டாலருக்கு ஒற்றைக் கை. உச்ச ரகத்தையும் ஒற்றைக் கையால் எடுத்தார். அரை அடி தூக்கினார். பாதி வழியில் நிறுத்தினார். நெற்றி வியர்த்தது. கடைசியில் இன்னொரு கையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பக்தியை மறைப்பது கஷ்டம்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒயர் இல்லாமல்.

டார்லீன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியதால் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அதிகாரி சான்றிதழை இரண்டு விரலால் பிடித்து ஆஸ்டர்ஹவுஸிடமே திருப்பிக் கொடுத்தார். காதுமெஷின் கொடுக்கச் சொல்லி உத்தரவு மூன்று வாரத்தில் தபாலில் வந்தது. நாலாம் நம்பர் சத்தத்தை அளக்க மாநில ஆள் வருவார் என்று அதே உறையில் இன்னொரு தாள். துடைப்பம் வரவில்லை, அது வெறும் பேச்சுதான் என்று டார்லீன் விசாரித்துச் சொன்னாள். இருபத்தாறு வருஷம் ஒரு பேச்சை மட்டும் எல்லோரும் சரியாகக் காதில் வாங்கியிருக்கிறோம்.

விசாரணை நடந்த அன்றைக்கு எழுந்து போகும் முன், ஹாலரன் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்கே புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"நீங்கதான் அத்தாட்சி பெற்ற நிபுணர். உண்மையச் சொல்லுங்க. அந்த ஹெட்போன் அந்த வெலைக்குத் தகுமா?"

"கண்டிப்பா தகும்மா" என்றேன். "கீழ நாங்க கத்துறது காதுல விழாம இருக்குறதுக்கு ஆறு வருஷமா அவங்க பாவம், சொந்தமா முயற்சி பண்ணிட்டு இருந்தாங்க. இப்ப அத மெஷினே பாத்துக்குது."