புதுப்பட்டினத்துக்கு மலை வந்த விதம்

மகளிரின் மனவளத்தை இயற்கையின் வாயிலாக மேம்படுத்துவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. ஆகவே புதுப்பட்டினம் கடற்கரையில் பந்தல் போட்டு, பெண்களுக்கான நிலக்காட்சி ஓவியப் பயிலரங்கைத் தொடங்கிவைத்தார் திட்ட அலுவலர் துரை.

ஷஹர்பானு தையல்காரி. பள்ளிக்கூடத்தை விட்டபின் அவள் வரைந்ததெல்லாம் துணியில் சாக்பீஸ் கோடுதான். கடைக்கு லீவு விட்டு ஆசையாக வந்தவள், எதிரே இருந்த கடலை அப்படியே வரைந்தாள்.

"கைய வச்சா நனைஞ்சிடும் போல கீது பானு!" என்றாள் மீன்காரி சந்திரம்மா.

துரை எட்டிப் பார்த்தார். "மலை எங்கேம்மா?"

"இங்க ஏது சார் மலை?"

"நிலக்காட்சி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன். சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது."

"இல்லாத மலைய எப்படி சார் வரையறது?"

துரை நியாயஸ்தர். இல்லாததை வரைவது பொய். பொய்க்கு அரசு துணைபோகாது. சுற்றறிக்கையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஊரை மாற்ற இருந்தது.

மறுவாரமே லாரி லாரியாகக் குவாரிக் கழிவு வந்து இறங்கியது. சூரியனுக்கு இடைவெளி விட்டு இரண்டு மலைகள் எழுந்தன.

"படகு இழுக்கற வழி போச்சே!" என்று சந்திரம்மா அலறினாள்.

"இயற்கைக்கு இடைஞ்சல் செய்யாதீங்க" என்றார் துரை.

ஷஹர்பானு வேண்டாவெறுப்பாக மலையை வரைந்தாள். அதற்குத்தான் முதல் பரிசு. உள்ளூர வெட்கம்தான், ஆனாலும் பார்த்தவர்களிடமெல்லாம் கோப்பையைக் காட்டினாள்.

பிறகு நாவலூர் ஐ.டி. பிள்ளைகள் மலையேற வந்தார்கள். உச்சியில் செல்ஃபி எடுத்தார்கள். இறங்கியதும் பசித்தது. சந்திரம்மா வறுவல் கடை போட்டாள். ஷஹர்பானு துணிப்பையில் மலை வரைந்து விற்றாள். கடல் போட்ட பையை யாரும் சீண்டவில்லை.

துரை மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த சியாமளா மேடம் விவரமானவர். ஜேசிபியோடு வந்து நின்றார்.

"கடற்கரையில ஏது மலை? அள்ளுங்க!"

ஊரே திரண்டது. எல்லாருக்கும் முன்னால் கையை விரித்து மறித்தவள் ஷஹர்பானு.

"குவாரிக் கழிவுதானேம்மா இது?"

"இன்னா மேடம் இப்டி பேசறீங்க! பரம்பரையா நாங்க பாத்துகினு வர்ற மலை."

"அப்படியா? பேரு?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஷஹர்பானு தயங்கவே இல்லை.

"துரைமலை."

பக்கத்தில் நின்ற சந்திரம்மா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த ஜேசிபி டிரைவர் எஞ்சினை நிறுத்தினார்.

மேடம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.