தைக்காமல் விட்ட வயிறு

"யாராச்சும் எழுந்திரிங்கம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு நின்னுகினு வருது பாரு."

டவுன் பஸ்ஸின் பின்பக்கமிருந்து ஒரு கீரைக்காரி குரல் கொடுத்தாள். மந்தாரக்குப்பத்தில் ஏறிய தமயந்தி, யாரந்தப் பிள்ளைத்தாய்ச்சி என்று தானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பஸ் முழுக்க அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'அதெல்லாம் இல்லைங்க, இது வெறும் வயிறுதான்' என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அதை எந்த வாயால் சொல்வது? பேசாமல் காலியான இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் யார் என்று பார்த்துவிட்டாவது உட்கார்ந்திருக்கலாம். அடுத்த குவார்ட்டர்ஸ் புஷ்பவல்லி.

"எங்கிட்டகூடச் சொல்லலையேக்கா."

"ஒண்ணுமில்ல புஷ்பா, நீ வேற."

"சரி, சரி. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுதான். நானும் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

அவள் மூச்சு விடாமல் சொன்னதில் அன்று மாலைக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தமயந்திக்கு இரண்டு பெண்கள். இரண்டாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய பாடு. கணவன் ஜெயராமன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று நர்சுகள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். உயிர் திரும்பியது, வயிறு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவுமில்லை. தன் உடம்பில்தான் கோளாறு என்று அவளே முடிவுகட்டி, வில்லுடையான்பட்டு முருகனுக்கு ஏழு வருஷமாகச் செவ்வாய் விரதம் இருந்து வந்தாள்.

செய்தி கணவன் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளும் இறங்கிவிட்டது. செகண்ட் ஷிப்டுக்குப் போன ஜெயராமன் பாதியில் பெர்மிஷன் போட்டுவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு சைக்கிளில் வந்து இறங்கினான். ஹேண்டில்பாரில் அவனுடைய எவர்சில்வர் தூக்கு ஆடியது. மூடியில் கிளி வைத்த அழகான தூக்கு. என்றோ ஆயுதபூஜைக் குலுக்கலில் விழுந்தது என்று கொண்டுவந்தான்.

"செக்‌ஷன்ல எல்லாரும் கை குடுக்குறாங்க. நெசமா?"

"பொய்ங்க. புஷ்பவல்லி கட்டிவிட்ட கதை."

"நெசமாவே பொய்தானா?"

"பிள்ளைங்க மேல சத்தியமா."

ஜெயராமன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தான். எவ்வளவு ஆசையோடு ஓடிவந்தாரோ என்று நினைக்க நினைக்கத் தமயந்திக்கு அழுகையாக வந்தது.

மறுநாள், வயிற்றை அடக்கிவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்று ஒரு பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் போனாள். சர்க்கரை வாங்கும் வரிசையில் மூச்சு முட்டி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இனி வெளியிலேயே போவதில்லை என்று வீட்டுக்குள் இருந்தாள். மசக்கை அதிகம் என்று பேச்சானது. கதவைத் தட்டித் தட்டி மாங்காயும் புளிச்சாதமும் வந்தன. பிள்ளைகள் சந்தோஷமாகத் தின்றார்கள்.

"ஏழாம் மாசம் உனக்கு மொத வளையல் நான்தான் அடுக்குவேன்," என்று புஷ்பவல்லி சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு, தமயந்தி பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸிலிருந்து வரும் சர்ஜன் தொங்கும் வயிற்றை வெட்டித் தைக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

டாக்டர் அவளைப் படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். வயிற்றின் நடுவில் விரல்களை வைத்து அழுத்தினார்.

"தோலையும் கொழுப்பையும் எடுத்துடலாம்மா. ஆனா உள்ள தசை ரெண்டு பக்கமும் விலகிப் போச்சு. அதையும் இழுத்துத் தைச்சாத்தான் வயிறு உள்ள போகும். தைச்சப்புறம் இன்னொரு பிள்ளை உண்டானா அத்தனையும் வீண். இனிமே பிள்ளை வேணாம்னா தைக்கிறேன். சந்தேகம் இருந்தா தோலோட நிறுத்திக்குவோம். என்ன சார் சொல்றீங்க?"

ஜெயராமன் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு அவசரமாக, "தைச்சிருங்க சார்," என்றான்.

"யோசிச்சுச் சொல்றோம் டாக்டர்," என்றாள் தமயந்தி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே பேச்சுதான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தைக்கட்டும்."

"அப்புறம் ஒரு பிள்ளை வந்துச்சுன்னா?"

"வராது."

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

ஜெயராமன் அவள் கையைப் பிடித்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். அவர் போனபோது ஜெயராமன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டிருந்தான். அந்தக் கண்டக்டர் இரண்டு சீட் தள்ளியே நின்றிருக்கக்கூடாதா!

ஆசையை விழுங்கிக்கொண்டு எனக்காகச் சொல்கிறார் என்று தமயந்தி புரிந்துகொண்டாள். அவளுக்கும் ஆசை இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளாலும் வயிற்றை உள்ளே தள்ளிப் பார்த்தாள். பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தராத ஒருத்தியாக ஒருநாள் போய்வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. கையை எடுத்தாள். வயிறு முன்னால் வந்து நின்றது.

ஆபரேஷன் அன்று காலை, ஜெயராமன் காபி வாங்கப் போயிருந்த நேரத்தில், டாக்டரிடம் சொல்லிவிட்டாள். "தோலை மட்டும் எடுங்க டாக்டர். தசை இருக்கட்டும்."

கட்டுப் பிரித்த அன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். தொங்கிய தோல் போயிருந்தது. ஆனாலும் வயிறு முன்னால் துருத்திக்கொண்டுதான் வந்தது. பார்ப்பவர்களுக்கு ஆறு மாசமாகத் தெரிந்த வயிறு இப்போது நாலு மாசமாகத் தெரிந்தது. கஞ்சித் தூக்கோடு உள்ளே வந்த ஜெயராமன் திகைத்துப்போய் நின்றான்.

"என்ன தமயந்தி, தைச்சும் இப்படி இருக்கு?"

"தைக்கலைங்க. நான்தான் வேண்டாம்னேன்."

"என்னது?"

"முருகன் கண்ணு திறந்தா உங்களுக்கு ஒரு பையன் வேணாமா? அன்னிக்கு ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம ஓடி வந்தீங்களே. உங்க முகத்தைப் பார்த்தேன்ல."

ஜெயராமன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றான்.

"கேட்டா தைக்கத்தானே சொல்வீங்க."

அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று தமயந்தி நினைத்தாள். இந்த மனுஷனுக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இந்த வயிற்றைச் சுமக்கலாம் என்றும் நினைத்தாள்.

வார்டு ஆயா கலியம்மாள் டம்ளரோடு வந்தாள். கஞ்சி ஊற்றுவதற்காக அவன் கையிலிருந்து தூக்கை வாங்கினாள். மூடியைத் திறக்கப் போனவள் அந்தக் கிளியைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதே கிளித் தூக்கு எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதுங்க சார், ஏழெட்டு வருசம் மின்னாடி கேம்ப்புல கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கின ஆம்பளைங்களுக்குத்தான் குடுத்தாங்க, எங்க வூட்டுக்காரரு கூட நீங்களும் வரிசையில நின்னீங்களா?"