ராகி மாவும் ரோம் நகரமும்

மகள் தண்ணீர் ஊற்றிப் பழகிய மூன்றாவது கண்ணாடி டம்ளரும் உடைந்தபோது, மாண்டிசோரி பள்ளியிலிருந்து வீணா மேடம் வர இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. குழந்தை வீட்டில் எப்படி வளர்கிறது என்று அவர் நேரில் பார்த்த பிறகுதான் சீட்.

"பிளாஸ்டிக் டம்ளர் குடுங்கன்னேன், கேட்டீங்களா?" என்றாள் தமயந்தி, கையில் துடைப்பத்தோடு.

"பிளாஸ்டிக் உடையாது. உடையலைன்னா கைக்கு எப்படி ஜாக்கிரதை வரும்?" என்றான் குணசேகர். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மாண்டிசோரி முறையைப் பற்றி இரண்டு புத்தகங்களை முடித்திருந்தான்.

தண்ணீர்தானே வம்பு என்று, கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்ற மூன்று வயது ரக்ஷிதாவிடம் ராகி மாவைக் கொடுத்தான். அது ஈரத்தரையில் கொட்டிக் களியாகிவிட்டது. அவளே சுத்தம் செய்யட்டும் என்று துணியைக் கொடுத்தான். தரையைத் துடைத்தவள், அதே துணியோடு வாசலைத் தாண்டி மாடிப்படிச் சுவரையும் துடைக்கத் தொடங்கினாள். புது வெள்ளைச் சுவர் பழுப்பாகிக்கொண்டே போனது.

"ஏங்க, பிடிங்க அவளை!"

"ஷ்! குழந்தை கவனமா வேலை செய்றப்ப நடுவுல போகக் கூடாது. பின்னாலயே போய்ப் பாக்கணும், அவ்ளோதான்."

கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். முதல் மாடியில் ஒரு பெண்மணி, கையில் நோட்டோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க! என் பொண்ணுதான். பாருங்க, நான் தடுக்கவே இல்ல!"

"அதான் பாத்துட்டிருக்கேன். ஏன் தடுக்கல?"

இந்தக் கேள்விக்காகத்தானே பத்து நாளாகப் படித்தான்!

"மொதல்லேர்ந்து சொல்றேன் மேடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. ரோம்ல கூலிக்காரங்க குடியிருந்த பெரிய பில்டிங். அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பசங்க மாடிப்படி, சுவரு ஒண்ணு விடாம நாசம் பண்ணுவாங்க. பில்டிங்காரங்களால தாங்க முடியல..."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "ஹௌதா, அப்படியா! அப்பறம்?"

"கீழ ஒரு ரூமை ஒழிச்சு, அம்பது பசங்களை அதுல விட்டு, மாண்டிசோரின்னு ஒரு டாக்டரம்மாகிட்ட ஒப்படைச்சாங்க. அவங்க பெரிய டீச்சரைத் தேடல. அதே பில்டிங்ல குடியிருந்த ஒருத்தரையே பாத்துக்கச் சொன்னாங்க!"

பேனா வேகமாக ஓடியது. "சுவரு?"

"சுத்தம் மேடம்! பசங்களே துடைச்சு வெச்சாங்க."

இவ்வளவு அக்கறையாக யாரும் அவன் பேச்சைக் கேட்டதில்லை. "அப்ப சீட்டு கெடச்ச மாதிரிதானே?"

"யாவ சீட்டு, எந்த சீட்டு? நான் அசோசியேஷன் செக்ரட்டரி காந்தா," என்றார் அவர். "சுவருக்குப் புகார் எழுத வந்தேன், அது பேடா, வேண்டாம், விடுங்க. ஜெனரேட்டர் பக்கத்து ரூமை நாளைக்கே ஒழிச்சுத் தரேன். நம்ம பில்டிங்ல மொத்தம் இருபத்திரண்டு பசங்க, காலைல எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?"