ஐஸ் விளம்பரத்தைத் தூக்கியவன்

பிடிவாதம் பிடிக்கிறவனுக்குக் கொஞ்சம் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பிடிவாதம் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். காசிமேட்டு வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மீன் சமையல் பற்றி வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் வஞ்சிரத்துக்கு ஏங்கும் தமிழர்கள் படித்தார்கள். பக்கத்தின் ஓரத்தில் வரும் விளம்பரத்தை யாராவது அழுத்தினால் எனக்குக் காசு. (அம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. "எவனோ பட்டன அமுக்குனா உனுக்கு இன்னாத்துக்குடா துட்டு குடுக்குறான்?")

இன்டர்நெட்டில் ஒரு மேதாவி எழுதியிருந்தான்: சில்லறை விளம்பரங்களைத் தடுத்துவிடு, பெரிய விளம்பரங்கள் தானாக வந்து உட்காரும். தடுக்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தது. சில்லறையும் காசுதானே? அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு ஐஸ் கம்பெனி விளம்பரம் தலைகாட்டியது. டொராண்டோவில் இருப்பவன் காசிமேட்டில் ஐஸ் கட்டி வாங்குவானா? கொதித்துப்போய் அதைத்தான் முதலில் தடுத்தேன். அதே வேகத்தில் ஜோசியம், ரிங்டோன், எடை குறைப்பு எல்லாம் காலி. இனி இறங்கிவர மாட்டேன் என்று அம்மாவிடம் சபதம் வேறு.

பெரிய விளம்பரம் ஒன்றும் வரவில்லை. காலியான இடத்தில் 'மரம் நடுவோம்' என்று ஒரு இலவச அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. எல்லாப் பக்கத்திலும் அதுதான். நான் அசையவில்லை.

அப்போதுதான் எனக்குப் பார்த்திருந்த பெண் கலாவின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். போட்டோ வந்த நாளிலிருந்தே கட்டினால் கலாவைத்தான் என்று நான் தீர்மானித்திருந்தேன். ஆபீஸ் போகாதவனுக்குப் பெண் கொடுக்கலாமா என்பது அவர் சந்தேகம். விசைப்படகு வைத்திருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

காபியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க ஐஸ் கம்பெனி வெளம்பரம் உன் வெப்சைட்ல வருதாமே நைனா, காட்டு" என்றார்.

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவன் பாதியில் நின்றேன். "ஐஸ் கம்பெனியா?"

"புச்சா ஆரம்பிச்சுக்கீறோம். கலாதான் பாத்துக்குது. உன் வெப்சைட்லதான் போடணும்னு அடம்புடிச்சுப் போட்டுச்சு."

பக்கத்தைத் திறந்தேன். மரம் நடுவோம். அடுத்த பக்கம். மரம் நடுவோம்.

"இன்னாடா, மரம் வெக்கச் சொல்லிக்கினே கீது?" என்றார் அம்மா.

"கம்மி காசு விளம்பரத்தை எல்லாம் தூக்கிட்டேன் மாமா. கொள்கை முடிவு" என்றேன். (அந்த வாயைத் தைத்திருக்கலாம்.)

அவர் முகம் இறுகியது. செல்போனில் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "உன்னாண்ட பேசணுமாம்."

கலா என்னிடம் முதன்முதலாகப் பேசியது இதுதான்: "என்னைத் தூக்கிட்டு இன்னா வந்துச்சு உங்களுக்கு?"

"மரம்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நிற்கவே இல்லை. போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்ட அவள் அப்பா, "பேஜாரு புடிச்ச மாப்ளதான் இந்தப் பொண்ணுக்குப் புடிச்சுக்கீது" என்று காபியை மறுபடி எடுத்தார். அவர் கண்முன்னாலேயே தடையை நீக்கினேன். (கொள்கையாவது மண்ணாவது!)

கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுக்க வைத்தாள் கலா. மிஞ்சிய ஒன்று எங்கள் வாசலில் மரமாகிவிட்டது. சருகு பெருக்கி மாளவில்லை. கிளையையாவது கழிக்கலாம் என்று அரிவாளை எடுத்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்.

"இன்னா, இதையும் தூக்கப் போறீங்களா?"