கருந்துளைக்கு ஒரு பூசைக் கருத்து

ராயபுரம்,
வியாழன்.

அன்புள்ள கஸ்பார் மாமாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். உங்கள் அக்கா நலம். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து வீசாத நாட்களில் நானும் நலம். உங்கள் டேங்கர் யார்டுக்குள் போன் கூடாது என்பதால் கடிதம்.

அங்கே மேற்பார்வை வேலை காலி என்றீர்களே. வருகிறேன். ஆராய்ச்சியை விடுகிறேன். அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடமாக எனக்கு ஒரே கேள்வி. கருந்துளைக்குள் விழுந்ததைப் பற்றிய தகவல் அழியுமா, திரும்புமா? ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவந்தால், துளை ஆவியாகும்போது கூடவே கசிந்து வெளியே வந்துவிடும் என்றது என் கணக்கு நோட்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதை அம்மாவிடம் சொன்னேன். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார்தானே என்று அம்மா கோயிலில் பூசைக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், செவ்வாய்ப் பூசையில் பாதர் நிதானமாக வாசித்தார்: "கருந்துளையில் தொலைந்த தகவல் கிடைக்க வேண்டி, ஜெரி குடும்பத்தார்." வாசலிலேயே மடக்கினான் என் நண்பன் அபின். "இன்னா மாமு, டோல்கேட்டாண்ட என் பைக்கு காணாம பூட்ச்சி. உன் ஓட்டைல கீதா பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு ஜானட் அக்கா சிரிக்கவில்லை. இறந்துபோன கணவரின் குரல் பதிந்த போன், காசிமேட்டில் கடலில் விழுந்துவிட்டது. "நீ படிச்ச புள்ள. அவரு கொரலும் தகவல் தானப்பா? எங்கியாவது கீதா?"

அன்றிலிருந்து மூன்று முறை கணக்கைப் போட்டேன். தகவல் எதுவும் திரும்பவில்லை. உட்கார முடியவில்லை. ரயில்வே கேட் வரை நடக்கிறேன். வருகிறேன். மறுபடி நடக்கிறேன். "இன்னாடா ஷேர் ஆட்டோ மாதிரி சுத்திகினு கீற, அந்தோணியார் கைவுட மாட்டாரு" என்கிறார் அம்மா. திங்களன்று கைடு முன் பேச வேண்டும். அதையாவது சமாளிக்கலாம். ஜானட் அக்கா அடிக்கடி எங்கள் ஜன்னலைப் பார்க்கிறார்.

அத்தைக்கு என் அன்பு. அந்தோணியார் உங்களைக் காக்கட்டும். என் கோப்பு இன்னும் அவர் மேசைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஜெரி

பி.கு.: உறைக்கு அடியில் வைக்க நோட்டை எடுத்தேன். நாற்பத்திரண்டாம் பக்கமும் நாற்பத்து மூன்றாம் பக்கமும் ஒட்டியிருந்தன. மெழுகு. செவ்வாய் காலை அம்மா நோட்டை விரித்து, வீட்டு அந்தோணியார் சுருபத்தின் காலடியில் வைத்து, மேலேயே மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார். குவாண்டம் ஈர்ப்புக்கான திருத்தம் முழுக்க அந்த இரண்டு பக்கங்களில். மூன்று முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். கரண்டியால் மெழுகைச் சுரண்டி, திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கைப் போட்டேன். தகவல் திரும்புகிறது.

வேலை வேண்டாம் மாமா. அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். ஜானட் அக்காவிடம் போகிறேன்: குரல் அழியவில்லை, சேர்த்தெடுக்க நமக்குத்தான் தெரியாது. அதற்கு அவர் என்ன சொல்வாரோ.

அம்மா நோட்டைக் கேட்கிறார். நன்றிக்கு இன்னொரு மெழுகுவத்தியாம்.