ராஜா போனுக்கு முழுப் படம்

ஒரு காட்டில், மரத்தின் உச்சிக்கு ஏறாமலே சிக்னல் கிடைக்கிற நல்ல காட்டில், பூங்காவனம் என்று ஒரு கௌதாரி இருந்தாள். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவள். புதருக்கடியில் கூடு, கூட்டில் முட்டைகள், முட்டைகள் மேல் அவள், அவளுக்கு எதிரே லேப்டாப். அடைகாக்கிறவளுக்கு இதைவிடத் தோதான வேலை எது? லேப்டாப் சூடேறினாலும் முட்டைக்கு நல்லதுதான்.

மழைக்காலம் வந்தால் அந்தக் காட்டில் குகைக்கு அடிதடி நடக்கும். போன மழையில் கரடியும் காட்டுப்பன்றியும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைந்து, மழை விடுகிறவரை அப்படியே சிக்கிக்கொண்டு நின்றன. அதனால் சிங்கராஜா கூட்டம் போட்டார். (இந்தப் பக்கத்துக் காட்டில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள். ராஜா என்றால் சிங்கத்தைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.)

"இனிமேல் அடிதடி கிடையாது. எல்லாக் குகையும் படத்தோடு ஆப்பில் வரும். எவர் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கே அந்தக் குகை. என் குகையும் அதில் வரும். நானும் உங்களைப் போல அழுத்தித்தான் வாங்குவேன்!"

ஒரே கைதட்டல். யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. தன் குகையை ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று ராஜாவுக்கும் தெரியும், கைதட்டினவர்களுக்கும் தெரியும்.

ஆப் செய்கிற வேலை பூங்காவனத்திடம் வந்தது. சந்தோஷமாகச் செய்தாள். போன மழையில் அவள் கூடு முட்டையோடு மிதந்து போயிருந்தது. இந்தத் தடவை பிள்ளைகளுக்கு ஒரு காய்ந்த மூலை கிடைத்தால் போதும் என்று இருந்தாள்.

குகை எடுக்கிற நாள் வந்தது. பக்கம் திறக்கவில்லை.

"ஏம்மா பூங்காவனம்," என்று கரடி போனைத் தூக்கிக்கொண்டு வந்தது. "வட்டம் சுத்துது, சுத்துது, பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது."

"இருங்க மாமா, பார்க்கறேன்."

பார்த்தாள். பக்கத்தின் உச்சியில் ராஜா படம். அமைச்சர் மந்தி பெரிய கேமரா வைத்து எடுத்தது. பிடரி முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மீசையில் உட்கார்ந்திருந்த ஈயின் கால்கூடத் தெரிந்தது. கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்த சம்பந்தி மாதிரி அந்தப் படம். அதற்குப் பரிமாறி முடித்தால்தான் பின்னால் இருக்கிற குகைகளுக்குச் சோறு.

மந்தியைக் கூப்பிட்டாள். "அமைச்சரே, ராஜா படத்தைக் கொஞ்சம் சுருக்கணும்."

"வாயைக் கழுவும்மா! குகைப் படத்தை எவ்வளவு வேணாலும் சுருக்கிக்கோ. அவர் பிடரியில ஒரு முடி குறைஞ்சாலும் எனக்கு வால் இருக்காது."

சரியென்று குகைப் படங்களையே சுருக்கினாள். எள்ளு எள்ளாக ஆகிவிட்டன. அப்படியும் பக்கம் நகரவில்லை. உச்சி வெயில் நேரத்தில் கரடி ஒருத்தருக்கு மட்டும் எப்படியோ திறந்தது. அவசரமாக ஒன்றை அழுத்திவிட்டு ஓடினது. ஓடின வேகத்தில் திரும்பியும் வந்தது.

"வாசல் கறுப்பா பெருசா தெரிஞ்சுதேம்மா!"

"மாமா, அது எலி வளை."

"தெரிஞ்சுது. மூக்கை விட்டேன். உள்ள இருந்து 'யாரு அது, மூக்கைத் துடைச்சுட்டு வாங்க'ன்னு ஒரு குரல்."

பூங்காவனம் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியுமுன் அவள் வீட்டுக்காரர் ரெங்கன் வாயில் கறையானோடு வந்து இறங்கி, அதை அவளுக்கு ஊட்டினார்.

"மேக்கால இருட்டிக்கிட்டு வருது புள்ள. என்ன ஆச்சு உன் ஆப்பு?"

"ராஜா படம் நந்தி மாதிரி குறுக்க உட்கார்ந்திருக்குங்க. எடுக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது."

"அவர் மூஞ்சியை அவர்தானே பார்க்கணும்? நமக்கு அது தெரியாத மூஞ்சியா?"

பூங்காவனம் கறையானை மெல்லுவதை நிறுத்தினாள். "ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

ரெங்கன் சொல்லி முடிப்பதற்குள் வேலை நடந்துவிட்டது. ராஜா படத்தில் இரண்டு வைத்தாள். ராஜா போனுக்கு முழுப் படம், ஈயோடு. மற்றவர்கள் போனுக்கு வற்றல் மாதிரிச் சுருக்கின படம். குகைப் படங்களை ரொம்பப் பெரிதும் இல்லாமல் ரொம்பச் சிறிதும் இல்லாமல், வாசலில் அவரவர் இடுப்பு நுழையுமா என்று பார்க்கிற அளவுக்கு வைத்தாள்.

மந்தி வற்றல் படத்தைப் பார்த்தது. நனைந்த பூனை மாதிரி இருந்தார் ராஜா. "ஏம்மா, இது பொரிச்சா பெருசாயிடுமா?"

"ஆகாது."

"ராஜா அடுத்தவங்க போனை வாங்கிப் பார்த்துட்டா?"

"என்னைக்காச்சும் பார்த்திருக்காரா?"

மந்தி யோசித்தது. வாலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மரத்தடியில் போனோடு காத்திருந்த ராஜாவிடம் தைரியமாகப் போய் உட்கார்ந்தது.

பக்கம் பட்டென்று திறந்தது. காடே அழுத்தியது. "இடுப்பு நுழையுதும்மா! பின்பக்கமும் நுழையுது!" என்று மலையிலிருந்து கரடி கத்தியது.

ராஜா போனில் மட்டும் வட்டம் சுற்றியது. பிறகு மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படம் இறங்கியது.

"நெற்றி வந்துவிட்டது!" என்றார் ராஜா.

"ஆகா, நெற்றின்னா இதுல்ல நெற்றி!" என்றது மந்தி.

"மூக்கு எங்கே?"

"வருது ராஜா. உங்க மூக்குக்கு அவசரம் ஆகுமா?"

எல்லாருக்கும் பக்கம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் பூங்காவனம் தனக்கு ஒன்று எடுக்க மறந்துபோனாள். முதல் தூறல் முதுகில் விழுந்தபோதுதான் நினைவு வந்தது. பார்த்தால் எல்லாப் படத்தின் மேலும் 'எடுத்தாச்சு'. மிச்சம் ஒன்றே ஒன்று. உயரத்தில், கிழக்கே பார்த்த வாசலோடு, காய்ந்த மணல் விரித்த குகை. ராஜாவுடையது.

"வேணாம் புள்ள," என்றார் ரெங்கன்.

"முதல்ல அழுத்துறவருக்குன்னு சொன்னது யாரு?"

"அது சும்மா சொன்னது."

"அவர் சும்மா சொன்னதை நான் நிஜமா ஆப்புல எழுதி வச்சிருக்கேனேங்க."

தண்ணீர் ஒரு கோடாக வந்து கூட்டைத் தொட்டது. முட்டைக்கடியில் ஈரம். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு அலகால் அழுத்தினாள். பிறகு, "கரடி மாமா, ஓடி வாங்க, கை இருக்கிறவங்க வேணும்!" என்று கூப்பிட்டாள். கரடி உள்ளங்கையில் முட்டைகளை ஏந்திக்கொண்டு, மூச்சுகூட விடாமல் மலையேறியது.

அங்கே ராஜாவுக்கு ஈயின் கடைசிக் கால் வந்து சேர்ந்தது. திருப்தியாகக் கீழே தள்ளிப் பார்த்தார். "அமைச்சரே, என் குகை?"

மந்தி வாசித்தது. "கௌதாரி பூங்காவனம். குடும்பத்தோடு."

ராஜா கர்ஜித்துக்கொண்டு மழையில் ஓடினார். சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று பாதத்தை ஓங்கினார். பூங்காவனம் சிறகை முட்டைகள் மேல் இறுக்கிக்கொண்டாள். எல்லாக் குகையிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. அப்போது யானை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு பாருங்கய்யா எங்க ராஜா!" என்று விம்மியது.

காடே கைதட்டியது. கைதட்டல் கேட்டால் ராஜாவுக்கு எதுவும் மறந்துபோகும். ஓங்கின பாதத்தை அப்படியே திருப்பி எல்லாருக்கும் ஆட்டினார். மந்தி அதையும் பெரிய கேமராவில் எடுத்துக்கொண்டது.

"உள்ளே... ஓரமாக இடம் இருக்குமா?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"வாங்க ராஜா. வாலை வெளியே வச்சுக்கோங்க. பிள்ளைங்க பொரிக்கிற நேரம், கர்ஜனை மட்டும் வேணாம்."

ராஜா சுருண்டு படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போது எடுத்த படத்தையும் முதல் பக்கத்தில் போடம்மா," என்றார்.

"போட்டுடலாம் ராஜா. உங்க போனுக்கு முழுசா வரும்."

நீதி: ராஜாவின் படத்தை ஒருபோதும் சுருக்காதீர்கள். முழுசாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். அவர் பார்த்து முடிப்பதற்குள் காட்டில் எல்லா வேலையும் நடந்துவிடும்.