நாலு வாஷரில் நிமிர்ந்த சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் பற்பசை நுரை காய்வதற்குள், நான் ஒரு சபதம் செய்தேன்.

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நம்ம வண்டியோட பின் சக்கரம் ரெண்டையும் நிமிர்த்திக் காட்டறேன். இல்லைன்னா மீசையை எடுத்துடறேன்!"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மீசையைப் போன மாசமே எடுத்துட்டீங்க. முதல்ல குழாயை மூடுங்க, தண்ணி போகுது."

சபதம் செய்கிறவனுக்கு என் வீட்டில் இவ்வளவுதான் மரியாதை. மூடினேன். குழாயைத்தான் சொல்கிறேன். வாயையும் சேர்த்து என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

எங்களுடையது பழைய வண்டி. நாலு பேர் உட்காரலாம், அதில் ஒருவர் குழந்தையாக இருந்தால். ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கு ஓர் ஆசை வந்தது. பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு நாலுக்கும் குட்டை ஸ்பிரிங் போட்டேன். வண்டி நாலு விரற்கடை இறங்கியது. என் மதிப்பு நாலு முழம் ஏறியது. சிக்னலில் நின்றால் இளவட்டங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நான் வேலை பார்ப்பது ஓய்வூதிய அலுவலகத்தில். அங்கே யாராவது கட்டைவிரலைக் காட்டினால் மை டப்பாவை நீட்டித்தான் பழக்கம். பாராட்டுக்காக ஒரு கட்டைவிரலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

என் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். வீடு, கடை, மண்டபம் என்று வெளியே போய் அளவெடுத்து, தைத்து, கொண்டுபோய் மாட்டிவிட்டும் வருவாள். துணி மூட்டைகளும் ஆளுயரக் கம்பிகளும் எங்கள் வண்டியில்தான் போகவேண்டும். அவளைப் பொறுத்தவரை வண்டி என்பது சக்கரம் வைத்த பீரோ. அந்த பீரோவை நான் குட்டையாக்கிவிட்டேன்.

"ஏறும்போது கிணத்துல இறங்கற மாதிரி இருக்கு. இறங்கும்போது கிணத்துல இருந்து ஏறற மாதிரி இருக்கு," என்றாள் முதல் நாளே.

"ஸ்டைல்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"நல்லா இருக்கு. வண்டிக்கு இறக்கம் இருக்கு. உங்களுக்குத்தான் இரக்கம் இல்ல."

இதற்குப் பதில் யோசித்து யோசித்து ஆறு மாதம் ஆகிவிட்டது.

அதற்குள் பின் சக்கரங்கள் வேலையைக் காட்டிவிட்டன. வண்டி இறங்கியதும் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துகொண்டன. பின்னாலிருந்து பார்த்தால், பிறந்த அன்றே எழுந்து நிற்கப் பார்க்கும் கன்றுக்குட்டி காலை அகட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். சக்கரம் சாய்ந்தால் டயர் முழுசாகத் தரையில் உட்காராது. உள்விளிம்பு மட்டும் தேயும். வெளிப்பக்கம் பார்த்தால் புது டயர். உள்பக்கம் எட்டிப் பார்த்தால் மொழுமொழுவென்று என் தலையின் பின்பக்கம்.

சக்கரம் சரிபார்க்கும் கடைக்காரர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குப் பேரு கேம்பர் சார். சக்கரத்தோட சாய்வு. உங்க வண்டியில பின்னாடி அதைத் திருகிச் சரி பண்ற வசதியே கிடையாது. தனியா ஒரு செட்டு வரவழைக்கணும்."

அவர் சொன்ன விலைக்கு இன்னொரு வண்டியில் பாதி வாங்கலாம்.

"வேற வழி?"

"பழைய ஸ்பிரிங்கையே போட்டுடுங்க."

அப்படிச் செய்தால் நான் மறுபடி மை டப்பாவோடு மட்டும் வாழப் பழகவேண்டும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

"விட்டுடுங்க. சக்கரத்தை நிமிர்த்தறதெல்லாம் உங்களால ஆகற காரியமா?"

இரவெல்லாம் அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. மறுநாள் காலைதான் சபதம்.

வெறும் கையோடு நான் சபதம் செய்யவில்லை. என்னிடம் ஒரு சிக்கன வழி இருந்தது. ஒரு வெல்டிங்காரர் வீடியோவில் சொல்லித்தந்தது. சக்கரத்தைத் தாங்கும் கட்டை, பின்னால் ஒரு தகட்டோடு நாலு போல்ட்டில் சேர்ந்திருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி, கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஆளுக்கொரு வாஷரைச் சொருகினால், சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே தள்ளப்படும். சாய்ந்தது நிமிரும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு. மொத்தம் நாலே நாலு வாஷர்.

"வாஷர் வாங்கப் போறேன்," என்று செருப்பை மாட்டினேன்.

"எதுக்கு? அதான் துவைக்க நான் இருக்கேனே!"

"அந்த வாஷர் இல்லடி. நடுவுல ஓட்டை இருக்கற வட்டத் தகடு."

விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு தோள் தாழ்ந்தவங்களுக்குச் சட்டை தைக்கும்போது உள்ள ஒரு துண்டு வச்சுத் தூக்கிக் குடுப்போமே. அது மாதிரியா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்போ சுலபம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. மனிதன் உயிரைக் கொடுத்துச் செய்யப்போகும் காரியத்தை, ஒரு தோள்பட்டையில் முடித்துவிட்டாளே!

வாஷர் வந்தது. போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் பக்கவாட்டில் சொருகவேண்டும் என்றால், வாஷரின் ஒரு பக்கத்தை வெட்டி லாடம் மாதிரி ஆக்கவேண்டும். மேஜைமேல் அவளுடைய பெரிய துணிக் கத்தரி இருந்தது. நான் கத்தரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் இரும்பு ரம்பத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பம் இன்றுவரை குடும்பமாக இருப்பதற்கு அந்த ஒரு நொடிதான் காரணம்.

முதலில் சாய்வை அளக்கவேண்டும். அதற்குக் கடையில் கண்ணாடியும் விளக்கும் வைத்த மெஷின் இருக்கிறது. என்னிடம் மனைவி இருக்கிறாள். தடித்த நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, மட்கார்டின் விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடுவாகத் தொங்கவிட்டாள். நூல் நேர்க்கோடாக நின்றது. சக்கரத்தின் இரும்பு வளையத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை அளந்தாள்.

"கீழ இருக்கறதைவிட மேல பதினாறு மில்லிமீட்டர் அதிகம். அவ்வளவு உள்ள சாய்ஞ்சிருக்கு. எவ்வளவு இருக்கணும்?"

"நாலஞ்சு இருக்கலாம். முழுக்க நேரா நின்னா வளைவுல பிடிப்பு இருக்காது."

அந்தப் பக்கம் அப்படியே பதினாறு. சாய்வதில் இரண்டும் நல்ல ஒற்றுமை.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே நுழையப் போனபோது சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"ஜாக்கியை நம்பித் தலையைக் குடுக்காதீங்க. இந்த ஸ்டாண்டை முட்டுக்கொடுங்க."

"இது ஏது?"

"பக்கத்துத் தெரு மெக்கானிக்கிட்ட நேத்தே வாங்கி வச்சேன்."

நேற்றே! சபதம் இன்று காலைதானே செய்தேன்? அந்த நிமிடம் நான் கொஞ்சம் யோசித்திருக்கவேண்டும். ஆனால் அப்போது என் கால் மட்டும்தான் வெளியே இருந்தது. அறிவு முழுக்க வண்டிக்கு அடியில் போய்விட்டது.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து என் காலோடு பேசினார்.

"என்ன சார், படுத்துட்டீங்க?"

"கோணலைச் சரி பண்றேன், டாக்டர்."

"நான் கம்பி போட்டு நிமிர்த்த ரெண்டு வருஷம் ஆகும்."

"எனக்கு ரெண்டு மணி நேரம் போதும்."

"வலிக்குமா?"

"வண்டிக்கு என்ன டாக்டர் வலி?"

"நான் உங்களைக் கேட்டேன்."

அதே நேரம் ஸ்பேனர் வழுக்கி என் முட்டி அச்சில் மோதியது. டாக்டருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "'ஆ காட்டுங்க'ன்னு சொல்லாமலே இவ்வளவு பெரிய 'ஆ'வை இப்பதான் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துருப்பிடித்த போல்ட்டுகள் முதலில் அசையவில்லை. எண்ணெய் விட்டேன். கெஞ்சினேன். திட்டினேன். நாலாவது உதையில் அசைந்தன. வாஷர்களைச் சொருகி, போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி நிறுத்தினேன். மனைவி நூலைத் தொங்கவிட்டாள்.

"அஞ்சு."

"என்ன?"

"அஞ்சு மில்லிமீட்டர்ங்க!"

நான் துள்ளிய துள்ளலில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. பரவாயில்லை. இடது சக்கரம் நிமிர்ந்துவிட்டது. என் இடுப்பு நிமிராவிட்டால் என்ன?

வலது பக்கம் சுவர். காலை நீட்ட இடம் இல்லை. ஆகவே இடது பக்கமிருந்தே வண்டிக்கு அடியில் தலையை விட்டு, மல்லாந்து, வலது சக்கரம் தலைகீழாகத் தெரிய நுழைந்தேன். இந்தமுறை கை பழகிவிட்டது. பாதி நேரத்தில் முடித்தேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

மனைவி நூலைத் தொங்கவிட்டாள். அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"எவ்வளவு?"

"இருபத்தேழு."

எனக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு சக்கரம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிக்கு நிற்கும் பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கிறது. இன்னொன்று வெட்கப்பட்டு வண்டிக்குள் ஒளியப் பார்க்கிறது. படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்தேன். இத்தனைக்கும் எண்ணெய்க் கை.

அவள் குனிந்து பார்த்தாள். "நீங்க தலைகீழா படுத்திருந்தீங்கள்ல?"

"ஆமா. அதனால?"

"உங்களுக்கு மேல இருந்தது வண்டிக்குக் கீழ. வாஷரைக் கீழ் போல்ட்டுல வச்சிருக்கீங்க."

எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

"தெரியும். ஒரு சோதனைக்காக மாத்தி வச்சுப் பார்த்தேன்."

"சரிங்க. சோதனை முடிஞ்சிருச்சுன்னா இதைப் பிடிங்க," என்று ஸ்பேனரை நீட்டினாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

நாலு மணிக்கு இரண்டு சக்கரமும் ஐந்து மில்லிமீட்டர். வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். பின்னால் அவளுடைய துணி மூட்டை இரண்டை ஏற்றி இன்னொரு சுற்று. பல் டாக்டர் மாடியிலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அண்டை அயலார் ஆறு பேருக்கு நூலையும் நட்டையும் வைத்து விளக்கவுரை ஆற்றினேன். கேட்காத இரண்டு பேருக்கும் சொன்னேன். அன்று மாலை அந்தத் தெருவில் என்னைவிட நிமிர்ந்து நின்ற பொருள் என் பின் சக்கரம் ஒன்றுதான்.

அப்போது வாசலில் ஓர் உயரமான வேன் வந்து நின்றது. அதிலிருந்து அதைவிட அகலமான ஒருவர் இறங்கினார். உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர். மனைவியின் வாடிக்கையாளர். அவருடைய கூடத்துக்குத் திரைச்சீலை தைக்கப் போன வாரம்தான் அவள் போய் அளவெடுத்துவிட்டு வந்தாள்.

அவர் கண் நேரே என் வண்டிமேல் விழுந்தது.

"இதுதானா சார் அந்த வண்டி?"

அந்த வண்டி! என் புகழ் உடற்பயிற்சிக்கூடம் வரை போய்விட்டது!

"இதேதான். சுத்தி வந்து பாருங்க."

"குட்டை வண்டி டயரைத் தின்னும்னு சொல்றாங்களே?"

"கையாலாகாதவன் வச்சிருக்கற வண்டி தின்னும். இங்க பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. நூலே பிடிச்சுத்தான் நிறுத்தியிருக்கேன்."

"வளைவுல எப்படி?"

"தண்டவாளத்துல போற மாதிரி."

"வேகத்தடை வந்தா?"

"வேகத்தடையா? அது எந்திரிச்சு வழிவிடும்!"

மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று ஆறு மாதமாகப் புலம்பியவள், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. புருஷன் பேசும்போது மனைவி பெருமையோடு கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீரைக் குடித்து முடித்தவர் பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு ஆசையா வச்சிருக்கற வண்டியைக் குடுக்க எப்படி சார் மனசு வந்துச்சு?"

"குடுக்கவா?"

மனைவிதான் பதில் சொன்னாள், குரலில் தேன் வடிய.

"சாருக்குக் குட்டை வண்டிமேல ரொம்ப நாளா ஆசையாம். எனக்குக் கம்பியும் மூட்டையும் ஏத்த உயரமான வண்டி வேணும். மாத்திக்கலாமான்னு பேசினோம். பின் சக்கரம் மட்டும் நேரா இருந்தா எடுத்துக்கறேன்னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா நிமிர்த்தியிருப்பீங்களா?"

அவசரமாக அவர் பக்கம் திரும்பினேன். "சார், ஒளிக்காம சொல்லிடறேன். இதுல குறை நிறைய இருக்கு. கதவைத் திறந்தா நடைபாதையில இடிக்கும்."

"அவ்வளவு தாழ்வா? அருமை!"

"ஏறி இறங்கறதுக்குள்ள இடுப்பு போயிடும்."

"தினம் நாப்பது தடவை குனிஞ்சு நிமிரச் சொல்லித்தான் நான் காசு வாங்கறேன்."

"நான் வேலை செஞ்சது சரியா வராமலும் போகலாம்..."

"இந்த அடக்கம்தான் சார் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது," என்று என் தோளில் தட்டினார். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியது.

சாவிகள் கை மாறின. மனைவி வேனின் பின்கதவைத் திறந்து, ஆளுயரக் கம்பி ஒன்றை நீளவாக்கில் உள்ளே விட்டாள். எங்கும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. குனியாமல் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். அவ்வளவு உயரத்தில், முகம் முழுக்கச் சிரிப்போடு அவளைப் பார்க்க, எரிச்சலுக்கு நடுவிலும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

உடற்பயிற்சிக்கூடக்காரர் என் வண்டிக்குள் தன்னை மடித்துச் சொருகிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

"சார், நம்ம கூடத்துக்கு வர்ற நாலு பேரோட வண்டியும் இப்படித்தான் காலை அகட்டிட்டு நிக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட அனுப்பட்டுமா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேனுக்குள்ளிருந்து குரல் முந்திக்கொண்டது.

"பத்து மணிக்கு மேல அனுப்புங்க. அதுக்கு முன்னாடி உங்க கூடத்துல திரைக்கம்பி மாட்ட இவர்தான் வர்றார்."